கரும்புக்கு இடும் உரம்

தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோரே கரும்பைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தனர் என்னும் செய்தியை ஒளவையார் தம் புறநானூற்றுப் பாடலொன்றில் பதிவு செய்துள்ளார். போர் வெற்றிகளையும் கொடைச் சிறப்புகளையும் பாடும் மரபில், ஒரு பயிரைக் கொண்டுவந்த செயலும் அரச குடியொன்றின் பெருமையாக இடம்பெற்றிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அன்று வந்த கரும்பும் இன்று நம் வயல்களில் நிற்கும் கரும்பும் ஒன்றல்ல. 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தொடங்கப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் முதலிய அறிஞர்கள், பருமனும் இனிப்பும் மிக்க கரும்பைக் காட்டில் தானே வளரும் பேய்க்கரும்போடு கலந்து புதிய வகைகளை உருவாக்கினர். அம்முயற்சியில் முதலில் வெற்றி கண்ட கோ 205 தொடங்கி, இன்று தமிழகத்தில் பெரும்பரப்பில் பயிராகும் கோ 86032 வரை பல வகைகள் அந்நிலையத்திலிருந்து வெளிவந்தன. நோயைத் தாங்கவும் வறட்சியைப் பொறுக்கவும் பேய்க்கரும்பிடமிருந்து அவை கற்றுக்கொண்டன. ஆயினும் பசியின்றி விளையும் கரும்பை எந்த அறிஞராலும் உருவாக்க இயலவில்லை. விளைச்சல் கூடக்கூடக் கரும்பு நிலத்திடம் கேட்பதும் கூடிற்று. அந்தக் கேள்விக்கு உழவர் எருவைக் கொண்டு விடை கூறுவதா, மூட்டை உரத்தைக் கொண்டு விடை கூறுவதா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நிலத்திலிருந்து கரும்பு எடுப்பது

நெல் நான்கைந்து மாதங்களில் வயலை விட்டு நீங்கிவிடும். கரும்போ பத்து முதல் பன்னிரண்டு மாதங்கள் ஒரே இடத்தில் நின்று உண்ணும் பயிர். ஓர் எக்டேரில் 100 டன் கரும்பு விளைகிறது எனக் கொண்டால், அப்பயிர் நிலத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோ தழைச்சத்தையும், 50 கிலோ மணிச்சத்தையும், 280 கிலோ சாம்பல்சத்தையும் எடுத்துக்கொள்கிறது. தழைச்சத்து என்பது நைட்ரஜன். இலையின் பசுமைக்கும் தூர் கட்டுவதற்கும் அது வேண்டும். மணிச்சத்து என்பது பாஸ்பரஸ்; கரணை முளைவிட்டு வேரூன்ற அது வேண்டும். சாம்பல்சத்து என்பது பொட்டாசியம்; இலையில் உருவாகும் சர்க்கரையைத் தண்டுக்குக் கொண்டு சேர்க்கும் பணியில் அதற்குப் பங்குண்டு. கரும்பு மிகுதியாக எடுப்பது சாம்பல்சத்தையே என்பதும், நம் உழவர் மிகுதியாக இடுவது தழைச்சத்தையே என்பதும் ஒருங்கு வைத்து நோக்கத்தக்கவை.

இங்கே ஒரு வியப்பைச் சுட்டியாக வேண்டும். எந்தச் சர்க்கரைக்காக இப்பயிர் வளர்க்கப்படுகிறதோ, அந்தச் சர்க்கரையில் இம்மூன்று சத்துகளுள் ஒன்றுகூட இல்லை. சர்க்கரை என்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றால் மட்டுமே ஆனது. கார்பன் காற்றிலிருந்து வருகிறது. ஹைட்ரஜன் நீரிலிருந்து வருகிறது. இவற்றை இணைக்கும் ஆற்றலை வெயில் தருகிறது. ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாக வெளியேறும் வெண்சர்க்கரை, காற்றும் நீரும் வெயிலும் சேர்ந்து விளைவித்த பொருள். அவ்வாறாயின் நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட சத்துகள் எங்கே போயின? உலர்ந்த சோகையில் ஒரு பகுதி, சாற்றை வடிகட்டும்போது எஞ்சும் ஆலைக்கழிவில் ஒரு பகுதி, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகில் ஒரு பகுதி, சக்கையை எரித்த சாம்பலில் ஒரு பகுதி எனச் சிதறிக் கிடக்கின்றன. இவையனைத்தும் வயலுக்குத் திரும்பினால் நிலம் இழப்பது மிகச் சிறிதாகவே இருக்கும். திரும்பாத அளவுக்கு மூட்டை உரம் வாங்க வேண்டியிருக்கிறது. கரும்பின் உரக் கணக்கு முழுவதும் இவ்வோர் உண்மையைச் சுற்றியே அமைகிறது எனலாம்.

உழுதலும் எருவிடுதலும்

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து அமைந்த இரு குறள்கள் மேலோட்டமாகப் படிப்பவரை மயங்கவைக்கும். நிலத்தை நன்கு உழுது, ஒரு பங்கு மண் கால் பங்காகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டியதில்லை என்கிறது முதற்குறள். உழுவதைவிட எருவிடுவது சிறந்தது என்கிறது அடுத்த குறள். எரு வேண்டுமா, வேண்டாவா?

இன்றைய மண்ணியல் இரண்டையும் உடன்பட்டு ஏற்கிறது. மண்ணில் மக்கிய பொருள்களுக்குள் தழைச்சத்து கட்டுண்டு கிடக்கிறது. உழுது புரட்டிக் காயவிட்டுப் பின் நீர் பாய்ச்சும்போது நுண்ணுயிர்கள் விரைந்து பெருகி அப்பொருள்களைச் சிதைக்கின்றன. கட்டுண்ட சத்து விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. எரு இடாமலே பயிர் செழிப்பதன் காரணம் இதுவே. ஆனால், அவ்வாறு விடுபடுவது முன்பே மண்ணில் சேர்ந்திருந்த சேமிப்பு. ஆண்டுதோறும் உழுது எடுத்துக்கொண்டே இருந்தால் சேமிப்புக் கரையும். அதை நிரப்புவது எரு. முதற்குறள் எடுக்கும் வழியையும் அடுத்தது இடும் வழியையும் கூறுவதாகக் கொள்வது பொருந்தும். இவ்விளக்கம் உரையாசிரியர் கூறியதன்று. மண்ணைப் பற்றி இன்று அறிந்தவற்றைக் கொண்டு நாம் கூறிப் பார்ப்பது.

நம்முடையது போன்ற வெப்ப நாட்டில் இச்சேமிப்பு விரைந்து கரைகிறது. குளிர்நாட்டு மண்ணில் பல ஆண்டுகள் தங்கும் மக்கு, இங்கே வெயிலாலும் ஈரத்தாலும் சில பருவங்களிலேயே சிதைந்துவிடும். தமிழக வயல்கள் பலவற்றில் அங்ககக் கார்பனின் அளவு அரை விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழாகவோ இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எரு செய்யும் பணி

எருவைச் சத்துக்காக மட்டும் இடுவதாக எண்ணினால் அதன் மதிப்புக் குறைந்துபோகும். நன்கு மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து அரை விழுக்காட்டளவே உள்ளது. யூரியாவில் அது 46 விழுக்காடு. எடைக்கு எடை ஒப்பிட்டால் எரு தோற்றுவிடும். ஆனால், எரு மண்ணின் அமைப்பையே மாற்றுகிறது. களிமண்ணின் இறுக்கத்தைத் தளர்த்தி வேருக்கு வழிவிடுகிறது. மணற்பாங்கான நிலத்தில் நீரைப் பிடித்து நிறுத்துகிறது. மக்கின் நுண்துகள்கள் பொட்டாசியம், கால்சியம், அம்மோனியம் போன்றவற்றைத் தம்மோடு ஈர்த்து வைத்துக்கொண்டு, வேர் கேட்கும்போது கொடுக்கின்றன. சுண்ணாம்பு மிக்க நிலத்தில் இட்ட மணிச்சத்து கால்சியத்தோடு சேர்ந்து பயிருக்கு எட்டாமற் போகும். எரு சிதையும்போது தோன்றும் அமிலங்கள் அப்பிணைப்பை ஓரளவு தடுக்கின்றன.

தோட்டக்கால் நிலமாயின் கடைசி உழவுக்கு முன் எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரமோ, 25 டன் கம்போஸ்டு உரமோ, 37.5 டன் ஆலைக்கழிவோ இடவேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நன்செய் நிலமாயின் கரணை நடும் சால்களில் இட்டு மண்ணோடு கலக்கலாம். எரு நன்கு மக்கியிருப்பது இன்றியமையாதது. மக்காத சாணத்தைக் கொட்டினால் கரையானும் வெண்புழுவும் வந்து சேரும், கரணையை அரிக்கும். களை விதைகளும் உயிரோடு வயலுக்கு வந்துவிடும். எருக்குழியில் பொறுமையாகக் காத்திருப்பதும் உழவுத்தொழிலின் ஒரு பகுதி என்பதை முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

இன்றைய இடர்ப்பாடு எருவின் தரத்தில் இல்லை. அது கிடைப்பதில் இருக்கிறது. உழவு மாடுகளின் இடத்தை டிராக்டர் பிடித்தபின் தொழுவங்கள் வெறுமையாயின. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து செம்மறிகளை ஓட்டிவந்து அறுவடை முடிந்த வயல்களில் கிடைபோடும் கீதாரிகளின் வரவும் முன்போல் இல்லை. ஆடுமாடு இல்லாத உழவர் பசுந்தாள் உரத்தை நாடலாம். கரும்பின் பார் இடைவெளியில் சணப்பையோ தக்கைப்பூண்டையோ விதைத்து, ஏறத்தாழ 45ஆம் நாளில் மடக்கி மண்ணோடு கலந்துவிட்டால், அது மக்கி உரமாகிறது. பயறுவகைக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், இவ்வுரத்துக்கு வண்டிக் கூலியும் இல்லை.

மூட்டை உரம் வந்த வழி

செடி உண்பது மண்ணிலுள்ள தாது உப்புகளையே என்பதை நிறுவிப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக். அவருடைய நூல் 1840இல் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் லாஸ் என்பவர் பாஸ்பேட்டு மீது கந்தக அமிலத்தைச் செலுத்திச் சூப்பர் பாஸ்பேட்டு செய்தார். தமிழகம் இதில் பின்தங்கவில்லை. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட்டு ஆலை 1906ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில்தான் அமைந்தது. 1909இல் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அம்மோனியா செய்து காட்டினார். இன்று நாம் வாங்கும் யூரியாவின் வேர் அங்கே இருக்கிறது.

அதே 1909ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரி வளாகத்தில் ஒரு நெடுநாள் சோதனை தொடங்கப்பட்டது. ஒரே நிலத்தைப் பல பாத்திகளாகப் பிரித்து, ஒன்றுக்கு எதுவும் இடாமலும், ஒன்றுக்குத் தொழுவுரம் மட்டும் இட்டும், மற்றவற்றுக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் இட்டும், ஆண்டுதோறும் விளைச்சலைக் குறித்து வந்தனர். கரும்புக்கென்று அமைந்த சோதனை அன்று அது. எனினும் ஒரு சத்தை மட்டும் தொடர்ந்து பெற்ற பாத்திகள் தளர்ந்தன என்பதையும், எல்லாச் சத்துகளையும் சமமாகப் பெற்றவை விளைச்சலைக் காத்தன என்பதையும், எரு பெற்ற பாத்திகளில் மண்ணின் கார்பன் உயர்ந்து நின்றது என்பதையும் தலைமுறைகள் கடந்து அது காட்டியுள்ளது.

மூட்டை உரத்தின் சிறப்பு அதன் விரைவும் அளவும் ஆகும். இவ்வளவு கிலோ தேவை என்று கணக்கிட்டு, வேண்டிய நாளில் இடலாம். ஆனால், அவ்விரைவே அதன் குறையும் ஆகிறது. யூரியா மண்ணில் விழுந்தவுடன் அம்மோனியாவாக மாறத் தொடங்குகிறது. வெயில் காயும் வயலின் மேற்பரப்பில் வீசிவிட்டால் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். எஞ்சியது நைட்ரேட்டாக மாறும். மிகையாக நீர் பாய்ச்சினால் அது வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிக் கிணற்று நீரில் கலக்கும். நீர் தேங்கினால் வாயுவாகிக் காற்றுக்கே திரும்பும். இதனாலேயே யூரியாவைக் கரும்பு வரிசையின் அருகே கோடாக இட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். யூரியாவோடு வேப்பம்பிண்ணாக்குத் தூளைக் கலந்து வைத்திருந்து இடும் வழக்கம் நம் உழவரிடம் முன்பே உண்டு. வேம்பின் கசப்பு, அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கிறது. நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே விற்கப்பட வேண்டும் என 2015ஆம் ஆண்டில் இந்திய அரசு விதித்ததும் இக்காரணத்தாலேயே.

ஒரு சிறு கணக்கு

ஆலைக்கு அனுப்பும் நடவுக் கரும்புக்கு எக்டேருக்கு 300 கிலோ தழைச்சத்து, 100 கிலோ மணிச்சத்து, 200 கிலோ சாம்பல்சத்து எனப் பொதுப் பரிந்துரை உள்ளது. மண்ணைச் சோதித்துப் பார்த்தபின் இவ்வளவைக் கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும். 300 கிலோ தழைச்சத்தை யூரியாவால் மட்டும் கொடுப்பதாயின் ஏறத்தாழ 652 கிலோ யூரியா வேண்டும். ஏக்கருக்குக் கணக்கிட்டால் 45 கிலோ மூட்டை ஆறு. மணிச்சத்துக்கு 625 கிலோ சூப்பர் பாஸ்பேட்டும், சாம்பல்சத்துக்கு 333 கிலோ பொட்டாஷும் தேவைப்படும்.

இனி, அந்த 300 கிலோவையும் தொழுவுரத்தாலேயே கொடுக்க முயன்றால் என்ன ஆகும்? அரை விழுக்காடு எனக் கொள்ள, 60 டன் எரு வேண்டும். அதிலும் முதற்பருவத்தில் பயிருக்குக் கிட்டுவது ஒரு பங்குதான். மிச்சம் அடுத்தடுத்த பருவங்களில் மெல்ல விடுபடும். 60 டன் எரு கொடுக்க எத்தனை மாடுகள் வேண்டும், எத்தனை வண்டிகள் வேண்டும் என்று எண்ணினால், எருவை மட்டும் நம்புமாறு எல்லா உழவருக்கும் கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது விளங்கும். மறுபக்கம், 12.5 டன் எரு தருவது 62.5 கிலோ தழைச்சத்தே ஆயினும், அது இருக்கும் நிலத்தில் இடப்படும் யூரியா வீணாவது குறைகிறது. எருவும் உரமும் ஒன்றுக்கொன்று பகையென எண்ணுவோர் இக்கணக்கை ஒருமுறையேனும் எழுதிப் பார்க்க வேண்டும்.

சத்துகளின் சமநிலை பற்றியும் இங்கே கூறவேண்டும். மரப்பீப்பாய் ஒன்றின் பலகைகள் வெவ்வேறு உயரத்தில் இருந்தால், மிகக் குட்டையான பலகையின் அளவுக்கே அதில் நீர் நிற்கும். விளைச்சலும் அப்படியே மிகக் குறைந்த சத்தினால் வரையறுக்கப்படுகிறது என்பது லீபிக் பரப்பிய கருத்து. நம் நாட்டில் 1992ஆம் ஆண்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியாவின் விலை மட்டும் அரசின் கட்டுக்குள் நின்றது. மலிவானதை மிகுதியாக வாங்குவது மனித இயல்பு. உயரமான பலகையை மேலும் உயர்த்திக்கொண்டே போனார்கள். நமக்கு வேண்டிய பொட்டாஷ் ஏறத்தாழ முழுவதும் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

பேரூட்டங்களோடு நுண்ணூட்டங்களும் உள்ளன. சுண்ணாம்பு மிக்க நிலத்தில் இளங்குருத்து நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் தோன்றினால் அது இரும்புச்சத்துக் குறை. அதைக் கண்டு யூரியா போதவில்லை என்றெண்ணி மேலும் கொட்டுவோர் உண்டு. தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலைகளே முதலில் மஞ்சளாகும். இரும்பு குறைந்தால் இளங்குருத்தே முதலில் வெளுக்கும். இவ்வேறுபாட்டை அறிந்தவர் ஒரு மூட்டை விலையை மிச்சப்படுத்துவார்.

வெல்லம் இளகுவது ஏன்?

எவ்வளவு இடுகிறோம் என்பதற்கு இணையாக எப்போது இடுகிறோம் என்பதும் கரும்பில் முதன்மை பெறுகிறது. மணிச்சத்து முழுவதையும் நடவின்போதே அடியுரமாக இட்டுவிட வேண்டும். தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் மூன்றாகப் பிரித்து 30, 60, 90ஆம் நாள்களில் மேலுரமாக இடுவது வழக்கம். முதல் மாதத்தில் கரணை தன்னுள் இருக்கும் உணவைக் கொண்டே முளைக்கிறது. அதன்பின் தூர் கட்டும் பருவத்திலும், கணுவிடைகள் நீளும் பருவத்தின் தொடக்கத்திலும் பசி மிகும். கடைசி இரண்டு மூன்று மாதங்கள் முதிர்ச்சிக்கு உரியவை. அப்போது பயிர் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு சர்க்கரையைத் தண்டில் சேர்க்க வேண்டும்.

அந்நேரத்தில் தழைச்சத்து மிகுதியாகக் கிடைத்தால் கரும்பு முதிர மறுக்கிறது. சேர்த்த சர்க்கரையைச் செலவிட்டு மீண்டும் இலை விடுகிறது. பார்வைக்கு வயல் கரும்பச்சையாகக் கவர்ச்சியோடு நிற்கும், எடையும் கூடலாம். சாற்றிலோ சர்க்கரை குறைந்து நீர் மிகுந்திருக்கும். சர்க்கரை ஆலையில் இது பிழிதிறன் குறைவாக வெளிப்படும். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் இது கண்முன்னே தெரியும். கவுந்தப்பாடிப் பக்கத்து வெல்ல ஆலைகளிலும் பிறவிடங்களிலும் பாகு பதம் பார்ப்பவர், கொப்பரையில் கொதிக்கும் பாகை நீரில் விட்டு உருட்டிப் பார்த்தே கரும்பு எவ்வாறு வளர்க்கப்பட்டது என்பதைக் கூறிவிடுவார். சாற்றில் குளுக்கோசு, பிரக்டோசு போன்ற எளிய சர்க்கரைகளும் தழைச்சத்துச் சேர்மங்களும் மிகுந்திருந்தால் பாகு இறுகாது, நிறம் கறுக்கும், அச்சில் வார்த்த வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்து இளகும். சந்தைக்குப் போகுமுன் கசியும் வெல்லத்துக்கு விலை இல்லை. ஓராண்டு உழைப்பு கடைசிக் கொப்பரையில் கெட்டுப்போகிறது.

ஆலைக் கரும்புக்கு 300 கிலோ தழைச்சத்துப் பரிந்துரைக்கும் அதே பல்கலைக்கழகம், வெல்லக் கரும்புக்கு 225 கிலோவோடு நிறுத்திக்கொள்வதன் காரணம் இப்போது விளங்கும். பொட்டாஷ் இதற்கு எதிர்த்திசையில் உதவுகிறது. சர்க்கரை தண்டில் சேரவும் முதிரவும் துணை நிற்கிறது. கடைசி மாதங்களில் வயல் வெளிறுவதைக் கண்டு அஞ்சி யூரியா தேடுவோர், அவ்வெளிறலே முதிர்ச்சியின் அடையாளம் என்பதை அறிந்துகொண்டால் பாதி இடர் நீங்கிவிடும்.

ஆலை திருப்பித் தரவேண்டியவை

சாற்றைத் தெளியவைக்கச் சுண்ணாம்பு சேர்க்கும்போது அழுக்கும் மெழுகும் நார்த்துகளும் படிந்து கறுத்த சேறாகப் பிரிகின்றன. இதுவே உழவர் வழக்கில் பிரஸ்மட் எனப்படும் ஆலைக்கழிவு. 100 டன் கரும்புக்கு மூன்று நான்கு டன் அளவில் இது கிடைக்கும். மணிச்சத்தும் அங்ககப் பொருளும் நிறைந்தது. வந்த சூட்டோடு வயலில் கொட்டுவது தவறு. சிதையும்போது எழும் வெப்பம் கரணையைப் பாழாக்கும். குவித்து ஈரப்படுத்தி, அவ்வப்போது புரட்டி, நுண்ணுயிர்க் கலவை சேர்த்து மக்கவைத்தால் கறுத்து உதிரும் நல்ல உரம் கிடைக்கும்.

சாம்பல்சத்தின் பெரும்பகுதி கழிவுப்பாகோடு வடிசாலைக்குப் போகிறது. அங்கே எரிசாராயம் வடித்தபின் ஒரு லிட்டருக்குப் பத்து லிட்டருக்கு மேல் கருநிறக் கழிவுநீர் எஞ்சுகிறது. அளவின்றி ஓடையிலும் நிலத்திலும் விட்டால் மீன்கள் மடியும், கிணறு கறுக்கும், மண் உவர்க்கும். அதையே முறையாகப் பதப்படுத்தி அளவறிந்து பாய்ச்சினால், கப்பலேறி வரும் பொட்டாஷுக்கு அது மாற்றாகிறது. பிரேசில் நாட்டின் கரும்பு வயல்களில் பல ஆண்டுகளாக இது நடைமுறையில் உள்ளது. நஞ்சாவதும் உரமாவதும் ஒரே நீர்தான். வேறுபாடு அளவிலும் கண்காணிப்பிலும் இருக்கிறது. ஆலையை ஒட்டிய சிற்றூர்களின் குடிநீர் இவ்வேறுபாட்டைச் சார்ந்திருப்பதால், இதில் தளர்வு காட்டுவதற்கு இடமில்லை.

பிரேசிலைக் குறிப்பிட்டதால் இன்னொன்றும் கூறலாம். அங்கே ஜோகன்னா டோபரெய்னர் என்னும் பெண் அறிவியலாளரும் அவருடைய குழுவினரும், கரும்பின் திசுக்களுக்குள்ளேயே வாழ்ந்து காற்றின் நைட்ரஜனை ஈர்க்கும் பாக்டீரியா ஒன்றைக் கண்டறிந்து 1988இல் வெளியிட்டனர். குளுக்கோனஅசிட்டோபாக்டர் என்று இன்று வழங்கும் அவ்வுயிரும் அசோஸ்பைரில்லமும் இப்போது நம் உழவருக்கு உயிர் உரமாகக் கிடைக்கின்றன. இவற்றை மக்கிய எருவோடு கலந்து இடவேண்டும். யூரியாவோடு சேர்த்துக் கலந்தால் உயிர்கள் மடிந்துவிடும்.

சோகையும் கட்டைக் கரும்பும்

அறுவடை முடிந்த வயலில் எக்டேருக்குப் பத்து டன் அளவில் காய்ந்த சோகை கிடக்கும். பலர் அதற்குத் தீ வைக்கின்றனர். அதற்குக் காரணங்கள் உண்டு. சோகையை அள்ள ஆள் கிடைப்பதில்லை. வாய்க்காலை அடைத்துப் பாசனத்தைத் தடுக்கிறது. எலியும் பாம்பும் தங்குகின்றன. கட்டையிலிருந்து அடுத்த பயிர் தழைக்கவேண்டிய நேரமும் நெருங்குகிறது. உழவரைப் பழிப்பதற்கு முன் இவற்றை எண்ண வேண்டும். ஆயினும் கணக்கு வேறு கூறுகிறது. சோகையில் தழைச்சத்து 0.4 விழுக்காடு எனக் கொண்டால் பத்து டன்னில் 40 கிலோ. தீயில் அது ஏறத்தாழ முழுவதும் புகையாகிறது. இரண்டு மூட்டை யூரியாவை வயலில் வைத்துக் கொளுத்துவதற்கு அது ஈடு. அதோடு நான்கு டன்னுக்குக் குறையாத அங்ககப் பொருளும், மேல்மண்ணில் வாழும் உயிர்களும் அழிகின்றன.

சோகை எளிதில் மக்காது என்பது உண்மையே. அதில் கார்பன் மிகுதி, நைட்ரஜன் சிறிது. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தம் உடலைக் கட்ட நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால், பயிர் சில வாரங்கள் பசியால் வெளுக்கும். அதனால் ஒரு டன் சோகைக்கு 5 கிலோ யூரியாவும் மக்கவைக்கும் பூஞ்சைக் கலவையும் சேர்த்துக் கம்போஸ்டு செய்கின்றனர். அல்லது இயந்திரத்தால் தூளாக்கி வரிசை இடைவெளியில் பரப்பிவிடுகின்றனர். பரப்பிய சோகை ஈரத்தைக் காக்கிறது, களையை அடக்குகிறது, இளங்குருத்துப் புழுவின் தாக்குதலையும் குறைக்கிறது.

கட்டைக் கரும்புக்கு நடவுக் கரும்பைவிடத் தழைச்சத்து 25 விழுக்காடு கூடுதலாக வேண்டும் என்பதற்கும் இதே போன்றதொரு காரணம் உண்டு. பழைய வேர்கள் மண்ணுக்குள் மடிந்து சிதையும்போது அங்கேயும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்கின்றன. புதிய வேர்கள் இன்னும் ஓடவில்லை. ஆதலால் அறுவடையான ஐந்து முதல் ஏழு நாள்களுக்குள் கட்டைகளை நிலமட்டத்தோடு சீவி, பார்களின் பக்கவாட்டை உடைத்து, அந்தக் கூடுதல் 75 கிலோ தழைச்சத்தை இட்டு நீர் பாய்ச்ச வேண்டும். நாள் தவறினால் கட்டையின் மேற்கணுக்களிலிருந்து முளைகள் கிளம்பிவிடும். அவற்றின் வேர் நிலத்தைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துபோகும். சோகையை எரிப்பதா, தூளாக்குவதா என்று உழவர் முடிவு செய்ய வேண்டியதும் அந்த ஒரு வாரத்துக்குள்தான்.